பதினோராம் நாள் ஊசி

என் அக்காவுக்குக் கை சின்னது. வளையல் கடைக்குப் போனால் சிறு பிள்ளைகளுக்கு என்று வைத்திருக்கும் பெட்டியைத்தான் அவளுக்கு எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் கைக்காகத்தான் செம்மறிப் பண்ணையில் அவளை வேலைக்கு எடுத்தார்கள். கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். குட்டி தலை திரும்பி உள்ளே மாட்டிக்கொண்டால் எங்களைப் போன்ற தடியன்களின் கை ஒன்றுக்கும் உதவாது. அவள் கை போனால் ஆடும் பிழைக்கும், குட்டியும் பிழைக்கும். பதினெட்டு வருஷத்தில் அவள் இழுத்துப் போட்ட குட்டிகளை வரிசையாக நிற்க வைத்தால் பண்ணை கொள்ளாது.

ஊசி போடுவதும் அவள்தான். அதனால் பண்ணையில் எல்லாருக்கும் அவள் ஊசியக்கா. மேனேஜர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார். என்னைக் கிடாக்காரர் என்பார்கள், ஏனென்றால் பொலிகிடாக்கள் ஒன்பதும் என் பொறுப்பு. அக்கா மட்டும் என்னைத் தம்பி என்பாள். கோபம் வந்தால் டேய். பெரும்பாலும் டேய்தான்.

கிடாவைக் கட்டிப்போட்டுத் தீனி போடுவது ஒரு வேலையா என்று கேட்பவர்களை ஒரே ஒரு நாள் என் பட்டிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே தீனியைக் கூட்ட வேண்டும், குளம்பு சீவ வேண்டும், விதையைப் பிடித்து இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு காய்ச்சல் வந்தால் போதும், அப்புறம் இரண்டு மாதத்துக்கு அந்தக் கிடா ஏறும், இறங்கும், ஒரு ஆட்டுக்கும் சினை பிடிக்காது. ஒன்பதையும் விசாலமான இடத்தில் ஒன்றாக விட்டால் பின்வாங்கி ஓடிவந்து முட்டி மண்டையை உடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் நகர இடமில்லாமல் நெருக்கி அடைப்பேன். அதற்குப் பிறகுதான் பத்து ஆட்டுக்கு ஒரு கிடா என்று தனித்தனிப் பட்டியில் விடுவேன். கிடாவின் மார்பில் எண்ணெயில் குழைத்த நீலச் சாயம் தடவி விடுவது வழக்கம். எந்த ஆட்டின் முதுகில் நீலம் ஒட்டியிருக்கிறதோ அது சேர்ந்த ஆடு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன். எழுதி வைக்காமல் இவன் தும்மக்கூட மாட்டான் என்று அக்கா கேலி செய்வாள்.

அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. எந்த ஆடு பருவத்தில் இருக்கிறது என்று மோந்து காட்ட ஒரு கிடாவை மந்தைக்குள் விடுவோம். அது சேர்ந்து தொலைக்காமல் இருக்க வயிற்றுக்குக் கீழே தடித்த துணி ஒன்றைக் கட்டுவோம். அந்தத் துணியை மாமாதான் அளவெடுத்துத் தைப்பார். நான் வாங்கப் போனால், "வாங்க மாப்ளே, உங்க ஆளுக்குக் கோவணம் ரெடி" என்பார். நல்ல மனுஷன். அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். மூன்று முறை தங்கவில்லை. மூன்று முறையும் அக்கா சந்தோஷம் தாங்காமல் இரண்டாம் மாதமே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பிறகு அதே ஆட்களிடம் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது போன பிறகு, அவள் காதுபடப் பிள்ளைப் பேச்சு எடுக்கக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் தானாகவே ஒரு சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குக் காவல்காரன் நான். உறவுக்காரி யாராவது வாயைத் திறந்தால் பாய்ந்து பேச்சை மாற்றுவேன். என் மனைவி இரண்டாவதைச் சுமந்தபோது அவளை அக்கா வீட்டுப் பக்கமே போகவிடவில்லை. அக்கா அதற்கு என்னிடம் சண்டைக்கு வந்தாள். நான் என்ன பிள்ளை பிடிக்கிறவளாடா என்று கேட்டாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பண்ணையில் எங்கள் பெரிய தலைவலி, எல்லா ஆடும் ஒரே வாரத்தில் குட்டி போட வேண்டும் என்பது. வியாபாரிக்கு ஒரே வயதுக் குட்டிகள் ஒரே லாரியில் போக வேண்டும். அப்படியானால் தொண்ணூறு ஆடும் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வர வேண்டும். முன்பெல்லாம் மருந்து ஊறிய சின்னப் பஞ்சு ஒன்றை ஒவ்வொரு ஆட்டின் உள்ளேயும் வைப்பார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அதன் நூலைப் பிடித்து இழுத்தால் இரண்டு நாளில் பருவம் வரும். அதுவும் அக்காவின் கைக்கான வேலை. அந்த வருஷம் பஞ்சு கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஊசி மருந்து வருகிறது என்று கால்நடை டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அவர் வந்து விளக்கிய அன்றைக்கு அலுவலக அறையில் நான்கு பேர் இருந்தோம். டாக்டர், மேனேஜர், தீவனக் கிடங்குக்காரர், நான். அக்கா பின்பட்டியில் குளம்பு அழுகிய ஆடுகளுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஊசி போடப்போகிறவள் அவள், விளக்கம் கேட்டது நாங்கள். எங்கள் லட்சணம் அப்படி.

முதல் நாள் ஒரு ஊசி, பதினோராம் நாள் இன்னொன்று, அதற்கு இரண்டு நாள் கழித்துக் கிடா விடுங்கள் என்றார் டாக்டர். ஏற்கெனவே சினையாக இருக்கும் ஆட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும் என்றார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் மருந்துப் பெட்டியை மூடும்போது சொன்னார்:

"இன்னொண்ணு. முழுகாம இருக்கிற பொம்பளைங்க இதைத் தொடவே கூடாது. தோல்ல பட்டாலே உள்ள போயிடும். அவங்களுக்கும் கலைஞ்சிடும்."

மேனேஜர், நம்மிடம் இருக்கிற பொம்பளையாள் ஊசியக்கா ஒருத்திதான், நமக்கு அந்தப் பயமே இல்லை என்றார். கிடங்குக்காரர் டீ டம்ளருக்குள் சிரித்தார். எனக்கு அந்த டம்ளரைப் பிடுங்கி அவர் மூஞ்சியிலேயே ஊற்ற வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதினேன். எதற்கும் உங்கள் அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அன்றைக்கு அக்காவுக்கு இரண்டரை மாதம். மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த முறை ஐந்து மாதம் முடியும்வரை ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள்.

நான் சொல்லத்தான் போனேன். பின்பட்டிக் குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை மில்லி, எந்த இடத்தில் குத்த வேண்டும், எத்தனை நாள் இடைவெளி எல்லாம் சொன்னேன். சினை ஆட்டுக்குப் போட்டால் கலைந்துவிடுமாம் என்பதையும் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மிச்சம் ஒரு வரிதான். அவள் என்னைப் பார்த்தாள். வேறென்னடா என்றாள். பிள்ளை இல்லாத அக்காவிடம் போய், உனக்கு அந்தக் கவலை இருக்காது, ஆனாலும் சொல்கிறேன் என்று எப்படி ஆரம்பிப்பது? கையுறை போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பண்ணையில் எனக்கு வாய் ஓயாது என்று பெயர். வேண்டிய இடத்தில் அது ஒட்டிக்கொண்டது.

முதல் ஊசி போடும் நாளில் கையுறை போட்டுக்கொண்டுதான் வந்தாள். பண்ணையில் இருப்பது ஆண்களின் அளவு. அவள் விரல் நுனிக்கு மேலே இரண்டு அங்குலம் ரப்பர் தொங்கியது. பத்து ஆடு போடுவதற்குள் ஊசி முனையில் ரப்பர் மாட்டிக் கிழிந்தது. அடுத்த ஜோடியும் அப்படியே. பிறகு கழற்றி வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு வெறுங்கையால் போட்டாள். நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஊசிக் குழாயின் பின்பக்கம் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. அவள் கட்டைவிரலும் உள்ளங்கையும் ஈரமாகவே இருந்தன. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது யாரிடம் பொய் சொல்ல?

வரிசையில் ஒரு ஆடு வந்தபோது ஊசியை விலக்கினாள். காதில் வெள்ளைப் புள்ளி உள்ள ஆடு. இதற்கு வேண்டாம், இது சினை என்றாள். நாலாம் நம்பர் கிடா ஒரு முறை கேட்டைத் தாண்டிக் குதித்தது நினைவிருக்கிறதா, அதற்குப் பிறகு துணி கட்டிய கிடா இரண்டு தடவை இதை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது என்றாள். நான் மறந்தே போயிருந்தேன். அந்த ஆட்டின் வயிற்றை ஒரு முறை தடவிவிட்டு, பத்திரமாக வேறு பட்டிக்குக் கொண்டு போ என்றாள். மிச்சம் எண்பத்தொன்பது.

அறுபது ஆடு முடிந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, இது கையில பட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை. அவளால் எவ்வளவு தூரம் கேட்க முடியுமோ அவ்வளவு தூரம் வந்து கேட்டாள். நானோ, ஏன், அரிக்கிறதா என்றேன். இல்லை, சும்மா கேட்டேன் என்றாள். சோப்பு போட்டுக் கழுவிவிடு, போதும் என்றேன். உடனே குழாயடிக்குப் போய் முழங்கை வரை நுரை போட்டு வெகுநேரம் தேய்த்தாள். ஆபரேஷன் பண்ணப் போகிறாயா அக்கா என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். திரும்பி வந்து மிச்ச ஆடுகளுக்கும் போட்டாள்.

அந்த வாரம் மாமா அவளுடைய வேலைச் சட்டையின் பக்கவாட்டைப் பிரித்து இரண்டு விரல் அகலம் விட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு பலமா மாமா, அக்கா ஊதிக்கொண்டே போகிறாளே என்று கேலி பேசினேன். மாமா ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் அக்கா என்னிடம் வந்து, இன்றைக்கு ஊசியை நீ போடுகிறாயா, எனக்கு உடம்பு அசதியாக இருக்கிறது என்றாள். நான் கிடாக்களுக்குச் சாயம் குழைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது கிடாவையும் அன்றைக்குத்தான் நெருக்கி அடைக்க வேண்டும். எனக்கு எரிச்சல் வந்தது. நாலு மணி நேர வேலைக்கு ஆள் மாற்றச் சொல்கிறாயே, வயசாகிவிட்டது என்று ஒப்புக்கொள் என்றேன். சரி விடு என்று போய்விட்டாள். எண்பத்தொன்பது ஆட்டுக்கும் அவளே போட்டாள். அன்றைக்குக் கையுறை போட்டாளா என்று தெரியாது. வேலிக் கம்பியில் கிழிந்த நாலு கையுறைகள் மட்டும் தொங்கின, அவை பழையவை.

இரண்டு நாள் கழித்துக் கிடாக்களைத் திறந்துவிட்டேன். ஒரே நாளில் அத்தனை ஆடும் பருவத்துக்கு வந்தால் பட்டி என்ன ஆகும் என்று பார்த்தால்தான் தெரியும். கத்தலும் புழுதியும் கிடா நாற்றமும். ஒரு கிடா ஒரே ஆட்டையே சுற்றிக்கொண்டிருக்கும், மற்ற ஒன்பதும் வாலை ஆட்டிக்கொண்டு காத்து நிற்கும். அதைப் பிடித்து இழுத்து அடுத்ததிடம் விட வேண்டும், களைத்ததை மாற்ற வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். பதினோரு மணிக்கு மாமா போன் செய்தார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். என்ன என்று கேட்டேன். வயிற்று வலி என்றார். கிடாவை விட்டு நகர முடியாது மாமா, சாயங்காலம் வருகிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் மாமா ஒரு துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையெல்லாம் நீலம்.

"மூணு மாசம் முடிஞ்சிருந்துச்சு மாப்ளே. அஞ்சு மாசம் ஆனதும் உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு வெச்சிருந்தா."

சுவரைப் பிடித்தேன், சுவரில் என் கை நீலமாக ஒட்டியது. உள்ளே அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வந்தது தெரிந்து, திரும்பாமலே ஆடெல்லாம் பருவத்துக்கு வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன். எத்தனை என்றாள். எண்பத்தேழு என்றேன். நல்லது என்றாள்.

அந்த மருந்தால்தான் போனதா? அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஏற்கெனவே மூன்று போன உடம்பு, வயது முப்பத்தொன்பது, இப்படி ஆவது உண்டு என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். என்ன வேலை என்று கேட்டார், ஆட்டுப் பண்ணை என்று மாமா சொன்னார், அதோடு விட்டுவிட்டார். மருந்தைப் பற்றி அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியவன் நான். அவர் அறை வாசல் வரை போனேன். சொன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். அவள் மனசு இன்னும் உடையும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு திரும்பினேன். உண்மையில் எனக்குப் பயம்.

ஒரு மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டாள். வெள்ளைப் புள்ளி ஆடு முதலில் குட்டி போட்டது. அப்புறம் ஒரே வாரத்தில் நூற்றுச் சொச்சம் குட்டிகள். மேனேஜர் வாயெல்லாம் பல். பதின்மூன்று குட்டிகளை அக்கா உள்ளே கையை விட்டுத் திருப்பி எடுத்தாள். நடுவில் டீ குடிக்க உட்காரும்போது, என்னவோ சாதாரணமாகச் சொல்வது போலச் சொல்வாள். இந்தப் பாழாய்ப்போன உடம்புக்கு ஒரு பிள்ளையைத் தங்க வைக்கத் துப்பில்லை. மண்ணாங்கட்டி உடம்பு. மாமா பாவம், வேறு யாரையாவது கட்டியிருக்கலாம். இதை ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு வருஷம் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்தேன். விடு அக்கா, விடு அக்கா என்பேன்.

அடுத்த சேர்க்கைக்கு டாக்டர் திரும்பவும் வந்தார். இந்த முறை மேனேஜரே ஊசியக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த ஒரு வாரத்துக் குட்டிகளுக்கு அவர் காட்டிய மரியாதை அது. டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். முழுகாமல் இருப்பவர்கள் தொடக் கூடாது என்றும் சொன்னார். அக்கா, இது புதிதாக வந்த விஷயமா டாக்டர் என்று கேட்டாள். அவர் வெள்ளந்தியாகச் சிரித்தார்.

"போன வருஷமே சொன்னேனேம்மா. கிடாக்காரர் நோட்டுல எழுதிக்கிட்டாரே."

அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். நோட்டு என் மடியில்தான் இருந்தது. கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள், கிடா நம்பர், தீனிக் கணக்கு, சாயம் வைத்த தேதி. அந்தப் பக்கம் வந்ததும் நின்றாள். என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும், மங்கல் மசங்கல் கிடையாது. படித்தாள். இன்னொரு முறை படித்தாள். நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, மேலே சொல்லுங்க டாக்டர் என்றாள். சின்ன அளவுக் கையுறை எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நான் அவள் பின்னாலேயே குழாயடிக்கு ஓடினேன். உனக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் அக்கா சொல்லவில்லை என்றேன். அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு, கத்தவும் இல்லை.

"அன்னிக்கு நீ சொல்லாம விட்டதுகூடப் போகட்டும். ஒரு வருஷமா என் உடம்பைத் திட்டிக்கிட்டு இருந்தேனே, பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதானேடா இருந்தே?"

குழாயை மூடிவிட்டுப் போனாள். மாமாவிடம் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மாமா இன்னும் என்னை மாப்ளே என்கிறார், இன்னும் கிடாவுக்குத் துணி தைத்துக் கொடுத்து அதே ஜோக்கைச் சொல்கிறார். அது எனக்கு அடி வாங்குவதைவிடக் கேவலமாக இருக்கிறது.

முதல் ஊசியும் பதினோராம் நாள் ஊசியும் அவளே போட்டாள், புதுக் கையுறையில். அது அவள் விரலுக்குச் சரியாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில் பட்டி வாசலில் நின்றாள். ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. கிடங்குக்காரர், மேனேஜர் எல்லாரும் இருந்தார்கள். நான் கொட்டடிக் கதவில் கையை வைத்துக்கொண்டு, அவள் எப்போதும் சொல்வது போல டேய் திறடா என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, மற்றவர்கள் சொல்வது போலவே சொன்னாள்.

"கிடாக்காரரே, நாலாம் நம்பரைத் திறந்து விடுங்க."

திறந்துவிட்டேன்.